அந்தரத்தில் நிற்கக் கற்ற கதை



சென்ற சில மாதங்களாக நம் சங்கக் கூடத்தில் ஞாயிறு மாலைகளில் ஓர் இரைச்சல் கேட்பதை நீங்கள் கவனித்திருப்பீர்கள். பிள்ளைகள் ரிமோட் ஹெலிகாப்டர் விடுகிறார்கள். அவர்களோடு சில தாத்தாக்களும் விடுகிறார்கள். இதைப் பற்றி நம்மிடையே இரண்டு கருத்துகள் உண்டு. கூடம் கூட்டம் போடவும் விசேஷம் நடத்தவும் கட்டியது, விளையாட அல்ல. கண்ணில் பட்டால் என்ன ஆவது என்பது ஒரு தரப்பு. பிள்ளைகள் செல்போனை விட்டுவிட்டு வேறு எதையாவது கையில் எடுத்தால் போதும் என்பது மற்றொரு தரப்பு. அடுத்த பொதுக்குழுவில் இது முடிவாகும். முடிவு எதுவானாலும் சரி, அதற்கு முன் இந்தச் சிறு பொம்மையின் வரலாற்றைத் தெரிந்துகொண்டு முடிவெடுப்பது நல்லது என்பதால் இதை எழுதுகிறேன்.

நம் ஊர் பழைய ஊர். தொண்டை மண்டலத்தின் 24 கோட்டங்களில் ஒன்று தாமல் பெயரால் வழங்கியது. வராகீஸ்வரர் கோயிலும் ஏரியும் அந்தப் பழமைக்குச் சாட்சி. இந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு ஹெலிகாப்டர் வரலாறு எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்கு அரக்கோணத்திலிருந்து பதில் சொல்கிறேன்.

பக்கத்து வானம்

காஞ்சிபுரத்துக்கு வடக்கே, அரக்கோணத்தில் இந்தியக் கடற்படையின் விமானத் தளம் இருக்கிறது. பெயர் ஐ.என்.எஸ். ராஜாளி. ராஜாளி என்பது நம் தமிழ்ப் பறவைப் பெயர்தான். 1992 மார்ச் 11 அன்று அப்போதைய குடியரசுத் தலைவர் ஆர். வெங்கட்ராமன் அதைத் தொடங்கி வைத்தார். கடற்படையின் ஹெலிகாப்டர் பயிற்சிப் பள்ளி அங்கேதான் இருக்கிறது. நாட்டின் எந்தக் கடற்கரையில் கடற்படை ஹெலிகாப்டரை ஓட்டுபவரானாலும், அவர் ஹெலிகாப்டர் கற்றது நமக்குப் பக்கத்து ஊரில் என்று சொல்லலாம். 2024 ஜூனில் அங்கே பயிற்சி முடித்தவர்களில் சப் லெப்டினன்ட் அனாமிகா பி. ராஜீவ், கடற்படையின் முதல் பெண் ஹெலிகாப்டர் விமானி ஆனார்.

ஹெலிகாப்டர் ஓட்டக் கற்கும் எவருக்கும் முதல் பெரிய பாடம் ஒன்றுதான். தரையிலிருந்து சில அடி மேலே எழும்பி, அங்கேயே அசையாமல் நிற்பது. முன்னே போவதும் வளைவதும் பிறகுதான். விமானத்துக்கு ஓடினால்தான் உயிர். ஹெலிகாப்டருக்கு நிற்பதுதான் பெருமை. அந்த நிற்றல்தான் மிகக் கடினமானது. மனிதன் இதைக் கற்க எடுத்துக்கொண்ட காலம் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள். நம் கூடத்தில் ஒரு பிள்ளை அதையே சில வாரங்களில் கற்கிறது. எப்படி என்பதுதான் இந்தக் கட்டுரை.

பொம்மைதான் மூத்தது

பனையோலையைக் கிழித்து, கருவேல முள்ளால் குத்தி, காற்றாடி செய்து ஓடியவர்கள் நம்மில் பலர். ஹெலிகாப்டரின் மூதாதை அந்த வகைதான். சீனாவில் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே மூங்கில் காற்றாடி இருந்தது. ஒரு குச்சியின் தலையில் சாய்வான இறக்கை. குச்சியை இரு உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்துத் தேய்த்து விட்டால் விர்ரென்று மேலே போகும். இது ஐரோப்பாவுக்கும் போய்ச் சேர்ந்தது.

1754-இல் ரஷ்ய அறிஞர் லொமனோசவ், சாவி கொடுத்துச் சுழலும் ஸ்பிரிங்கில் ஒரு மாதிரியைச் செய்து ரஷ்ய அறிவியல் கழகத்தில் காட்டினார். வானிலைக் கருவிகளை மேலே தூக்கிப் போக வேண்டும் என்பது அவர் நோக்கம். அதில் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு விசிறிகள். ஒன்று வலமாகச் சுற்றினால் மற்றது இடமாகச் சுற்றும். 1784-இல் பிரான்சில் லோனுவா, பியான்வெனு என்ற இருவர், பறவை இறகுகளையும் வில்லின் நாணையும் கொண்டு அதே அமைப்பில் ஒன்றைச் செய்து பிரெஞ்சு அறிவியல் கழகத்தில் காட்டினார்கள். இந்த இரட்டை விசிறி அமைப்பை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வேண்டியிருக்கும்.

1870 வாக்கில் அல்ஃபோன்ஸ் பெனோ என்ற பிரெஞ்சு இளைஞர், முறுக்கிய ரப்பர் பட்டையால் பறக்கும் ஹெலிகாப்டர் பொம்மை செய்தார். அது கடைகளில் விலைக்கு வந்தது. 1878-இல் அமெரிக்காவில் ஒரு பாதிரியார், ஊருக்குப் போய்த் திரும்பும்போது அதில் ஒன்றைத் தம் இரு மகன்களுக்கும் வாங்கி வந்தார். பிள்ளைகள் அதற்கு வௌவால் என்று பெயர் வைத்து, உடையும் வரை விட்டார்கள். உடைந்ததும் தாங்களே செய்து பார்த்தார்கள். அந்தப் பிள்ளைகள் வில்பர் ரைட், ஆர்வில் ரைட். 1903-இல் முதல் விமானத்தைப் பறக்கவிட்டவர்கள். பறப்பதில் தங்களுக்கு ஆர்வம் வந்தது அந்தப் பொம்மையால்தான் என்று அவர்களே பிற்காலத்தில் சொன்னார்கள். பொம்மைக்கு எதற்கு இடம் என்று கேட்பவர்கள் இந்த ஒரு செய்தியை மனதில் வைக்க வேண்டும்.

பற்றும் வரவும்

பொம்மை பறந்துவிட்டது. ஆளைத் தூக்கும் பெரிய இயந்திரம் ஏன் பறக்கவில்லை? மூன்று தொல்லைகள்.

முதல் தொல்லை, எடை. அக்கால நீராவி இயந்திரங்கள் தம்மைத் தாமே தூக்க முடியாத கனம். பெட்ரோல் இயந்திரம் வந்த பிறகு இது தீர்ந்தது.

இரண்டாவது, எதிர்ச்சுழற்சி. வணிகவியல் படித்தவர்களுக்கு இதை ஒரே வரியில் சொல்லிவிடலாம்: ஒவ்வொரு பற்றுக்கும் ஒரு வரவு உண்டு. இயந்திரம் விசிறியை ஒரு பக்கம் சுற்றினால், அதே வலிமையோடு இயந்திரத்தின் உடல் மறுபக்கம் சுற்றப் பார்க்கும். தரையில் இருக்கும்வரை பூமி அதைப் பிடித்துக்கொள்ளும். எழும்பிய கணத்தில் பிடி போய்விடும். உடல் பம்பரமாகச் சுற்றும். கணக்கை நேர் செய்ய, எதிர்த் திசையில் சுற்றும் இன்னொரு விசிறி வேண்டும். லொமனோசவ் இரட்டை விசிறி வைத்ததன் காரணம் இதுதான்.

மூன்றாவது, சாய்வு. ஹெலிகாப்டர் முன்னே நகரும்போது, ஒரு பக்கத்து இறக்கை காற்றை எதிர்த்துப் போகிறது. மறுபக்கத்து இறக்கை காற்றோடு போகிறது. எதிர்த்துப் போகும் பக்கம் அதிகம் தூக்கும். மறுபக்கம் குறைவாகத் தூக்கும். முடிவு, வண்டி குடை சாயும். ஸ்பெயின் நாட்டு ஹுவான் டெ லா சியர்வா 1923-இல் இதற்கு விடை கண்டார். இறக்கையின் அடியில் ஒரு கீல் வைத்து, அது தானே சற்று மேலும் கீழும் அசைந்து கொடுக்கும்படி விட்டார். விறைத்து நின்றது சாய்ந்தது. வளைந்து கொடுத்தது நிமிர்ந்தது.

இந்தத் தொல்லைகளின் நடுவே 1907-இல் பிரான்சில் இரண்டு முயற்சிகள் நடந்தன. பிரகே சகோதரர்கள் நான்கு விசிறி வைத்த ஓர் இயந்திரத்தை எழுப்பினார்கள். எழும்பியது இரண்டடி உயரம். நான்கு பேர் நாலு மூலையிலும் நின்று அதைச் சாயாமல் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. அதே ஆண்டு நவம்பர் 13 அன்று, சைக்கிள் தயாரித்து விற்ற பால் கார்னு தம் இயந்திரத்தில் ஏறி ஓரடி உயரத்தில் சுமார் 20 விநாடி நின்றார் என்று பதிவாகியிருக்கிறது. அந்த இயந்திரத்தால் அது முடிந்திருக்குமா என்று பின்னாளில் சில பொறியாளர்கள் ஐயம் எழுப்பியதும் உண்டு. எப்படியாயினும், எழும்பியதை ஓட்ட முடியவில்லை. எழும்புவது ஒன்று, கட்டுப்படுவது வேறு.

கூடத்துக்குள் பறந்த முதல் ஹெலிகாப்டர்

நம் விவாதமே கூடத்துக்குள் பறக்கலாமா என்பதுதானே? அதற்கும் வரலாறு இருக்கிறது.

ஜெர்மனியில் ஹென்ரிச் ஃபோக்கே வடிவமைத்த எஃப்.டபிள்யூ. 61 என்ற ஹெலிகாப்டர் 1936 ஜூன் 26-இல் முதன்முதலில் பறந்தது. உடலின் இரு புறமும் நீண்ட கைகள்; அவற்றின் நுனியில் எதிரெதிராகச் சுற்றும் இரண்டு விசிறிகள். சொன்னபடி கேட்ட முதல் ஹெலிகாப்டர் இது என்று பலரும் கருதுகிறார்கள். 1938 பிப்ரவரியில் ஹன்னா ரைச் என்ற பெண் விமானி இதை பெர்லின் டாய்ச்லாண்ட்ஹாலே என்ற பெரிய விளையாட்டு அரங்கத்துக்குள், கூரைக்குக் கீழே, மக்கள் முன்னிலையில் பறக்கவிட்டார். எழும்பி, நின்று, பக்கவாட்டில் நகர்ந்து, பின்னால் வந்து, இறங்கினார். ஒருநாள் அல்ல, பல மாலைகள் இதைச் செய்தார்.

அது ஹிட்லர் அரசின் விளம்பரத்துக்காக நடந்த காட்சி என்பதை மறைக்க வேண்டியதில்லை. அடுத்த ஆண்டே அந்த அரசு உலகப் போரைத் தொடங்கிவிட்டது. ஆனால் கற்பவர்களுக்கு அதில் ஒரு பாடம் உண்டு. கூரைக்குள் காற்று இல்லை. அதனால் ஹெலிகாப்டர் எங்கே போனாலும் அது விமானியின் கை செய்த வேலைதான். பழியைக் காற்றின்மேல் போட முடியாது. உள்ளே பறப்பதன் லாபமும் இதுதான், கஷ்டமும் இதுதான்.

ஐம்பது வயதில் கற்றவர்

இகோர் சிகோர்ஸ்கி 1889-இல் கீவ் நகரில் பிறந்தவர். 20 வயதில் ஹெலிகாப்டர் செய்யத் தொடங்கினார். 1909-இல் ஒன்று, 1910-இல் ஒன்று. முதலாவது எழும்பவே இல்லை. இரண்டாவது தன் எடையை மட்டும் தூக்கியது, ஆளைத் தூக்கவில்லை. அதை ஓரமாக வைத்துவிட்டு விமானம் செய்யப் போனார். ரஷ்யப் புரட்சிக்குப் பின் நாட்டை விட்டு அமெரிக்கா போய், புதிதாகத் தொழில் தொடங்கி, பெரிய கடல் விமானங்கள் செய்து பெயர் வாங்கினார். ஹெலிகாப்டரை மட்டும் மறக்கவில்லை.

1939 செப்டம்பர் 14. வி.எஸ். 300 என்ற புதிய இயந்திரத்தில் அவரே ஏறினார். அது ஓடிவிடாமல் இருக்கக் கயிறு கட்டி, கனம் தொங்கவிட்டிருந்தார்கள். தரையை விட்டுச் சில அங்குலம், சில விநாடி. அப்போது அவருக்கு வயது 50. உலகில் அந்த வகை இயந்திரத்தை ஓட்டத் தெரிந்தவர் யாரும் இல்லை. ஆகவே கற்றுக் கொடுக்கவும் ஆளில்லை. இயந்திரத்தைத் திருத்தினார், தம் கையையும் திருத்திக்கொண்டார். 1940 மே 13-இல் கயிற்றை அவிழ்த்தார். 1941 மே மாதம் அதே இயந்திரம் 1 மணி 32 நிமிடத்துக்கு மேல் காற்றில் இருந்து, உலக சாதனையாகப் பதிவானது.

மேலே ஒரு பெரிய விசிறி, வாலில் குறுக்காக ஒரு சிறு விசிறி என்ற அமைப்பை நிலைக்கச் செய்தவர் அவர். வால் விசிறிதான் எதிர்ச்சுழற்சிக் கணக்கை நேர் செய்கிறது. இன்று நாம் பார்க்கும் ஹெலிகாப்டர்களில் பெரும்பாலானவை அந்த வடிவம்தான். இந்திய விமானப்படை 1954-இல் வாங்கிய முதல் ஹெலிகாப்டரும் சிகோர்ஸ்கி எஸ் 55 தான்.

நமக்கெல்லாம் வயதாகிவிட்டது, இனி என்ன புதிதாகக் கற்பது என்று சொல்பவர்கள் நம் குடியிருப்பில் உண்டு. 30 ஆண்டுகள் காத்திருந்து, 50 வயதில், தலையில் தொப்பியோடு, கயிறு கட்டிய இயந்திரத்தில் ஏறிய அந்த மனிதரை அவர்கள் நினைக்க வேண்டும்.

மாட்டுக் கொட்டகையில் ஒரு பொம்மை

இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்தவர் ஆர்தர் யங். பொம்மை ஹெலிகாப்டர் விடும் எவரும் கும்பிட வேண்டியவர்.

அமெரிக்கரான இவர் 1928-இல் ஹெலிகாப்டர் ஆராய்ச்சியைத் தொடங்கினார். கணிதமும் தத்துவமும் படித்தவர்.  பெரிய இயந்திரம் செய்து ஆளை ஏற்றி உடைப்பதில் அவருக்கு நம்பிக்கை இல்லை. ஆகவே ஒரு பழைய கொட்டகையில் சிறு மாதிரிகளாகச் செய்தார். உடைந்தால் நஷ்டம் சிறிது. ஏன் உடைந்தது என்று அறிந்தால் லாபம் பெரிது. 12 ஆண்டுகளுக்கு மேல் இப்படியே போயிற்று.

அவர் கண்ட பெரிய விடை ஒரு குச்சி. விசிறிக்குக் குறுக்காக, இரு முனையிலும் சிறு எடை வைத்த ஒரு கம்பி. விசிறியோடு சேர்ந்து சுற்றும் கனமான எதுவும் தன் தளத்தை லேசில் மாற்றிக்கொள்ளாது. சுற்றும் பம்பரம் ஏன் விழாமல் நிற்கிறதோ அதே காரணம். உடல் சாய்ந்தாலும் அந்தக் கம்பி சாயாமல் சுற்றும். சாயாத கம்பி விசிறியைப் பிடித்துத் திருத்தும். மின் மோட்டாரும் மின் கம்பியும் கொண்ட அவருடைய மாதிரி, தூரத்திலிருந்து விசையால் இயக்கப்பட்டு, கூரைக்குள்ளேயே சொன்னபடி பறந்தது. 1941-இல் பஃபலோ நகரில் பெல் விமானக் கம்பெனிக்காரர்களுக்கு அதைப் பறக்கவிட்டுக் காட்டினார். அவர்கள் அந்த ஆண்டே அவரைச் சேர்த்துக்கொண்டார்கள்.

அந்தப் பொம்மையிலிருந்து வளர்ந்ததுதான் பெல் 47. 1946 மார்ச் 8 அன்று, பொதுமக்கள் பயன்பாட்டுக்குச் சான்றிதழ் பெற்ற முதல் ஹெலிகாப்டர் ஆனது. கண்ணாடிக் குமிழி போன்ற முகம், எலும்புக்கூடு போன்ற வால். பழைய ஆங்கிலப் படங்களில் பார்த்திருப்பீர்கள். கொரியப் போரில் காயம்பட்ட ஆயிரக்கணக்கானவர்களை மருத்துவமனைக்குக் கொண்டு சேர்த்தது இதுதான். அதன் ஒரு வண்டியை நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் கலைப் பொருளாகவே வைத்திருக்கிறது.

கவனியுங்கள். பெரிய ஹெலிகாப்டரைச் சுருக்கிப் பொம்மை செய்ததாக நாம் நினைக்கிறோம். இங்கே நடந்தது தலைகீழ். கூரைக்குள் விட்ட பொம்மைதான் பெரிதாகி ஆஸ்பத்திரிக்கு ஆள் சுமந்தது.

ரிமோட் வந்த வழி

கம்பி இல்லாமல், ரேடியோவால் இயங்கும் மாதிரி ஹெலிகாப்டரை நம்பகமாகப் பறக்க வைத்தவர் ஜெர்மனியின் டீட்டர் ஷ்லூட்டர். 1970 வாக்கில் அவருடைய மாதிரி கால் மணி நேரத்துக்கும் மேலாகப் பறந்தது. அதன் பிறகுதான் இது ஒரு பொழுதுபோக்கு ஆயிற்று. ஆனால் அது எரிபொருளில் ஓடும் இயந்திரம், விலை அதிகம், மைதானம் வேண்டும், விழுந்தால் ஆயிரக்கணக்கில் செலவு.

வீட்டுக்குள் வர மூன்று பொருள்கள் தேவைப்பட்டன. சிறிய ஆனால் வலுவான காந்தம் உள்ள மோட்டார், எடை குறைந்த லித்தியம் பாலிமர் பேட்டரி, திருப்பத்தை உணர்ந்து திருத்தும் ஜைரோ சில்லு. செல்போன் தொழில் வளர வளர இவை மலிவாயின. 2006-இல் ஹாங்காங் சில்வர்லிட் கம்பெனியின் பிக்கூ இசட் வந்தது. எடை சுமார் 10 கிராம். ஒரு தபால் உறையை விடச் சற்றுக் கனம், அவ்வளவே. சில ஆண்டுகளில் சைமா எஸ் 107 வந்தது. சென்னை பாரிமுனைக் கடைகள்வரை அந்த வகை நிறைந்தது. நம் கூடத்தில் பறப்பவை பெரும்பாலும் அந்தக் குடும்பம்தான்.

அதைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஒன்றின்மேல் ஒன்றாக எதிரெதிராகச் சுற்றும் இரண்டு விசிறி: அது லொமனோசவின் 1754. உச்சியில் இரு முனையிலும் எடை வைத்த குறுக்குக் கம்பி: அது ஆர்தர் யங்கின் கொட்டகை. சிகோர்ஸ்கியின் வால் விசிறியும் இருக்கிறதே என்பீர்கள். அங்கே கொஞ்சம் ஏமாற்று. இந்தப் பொம்மைகளில் வால் விசிறி பக்கம் பார்க்காமல் மேலே பார்க்கும். வாலைத் தூக்கி இறக்கி முன்னும் பின்னும் நகர்த்துவதுதான் அதன் வேலை. திரும்புவதற்கு மேல் விசிறி, கீழ் விசிறி இரண்டின் வேகத்தையும் கூட்டிக் குறைக்கிறார்கள். பற்றையும் வரவையும் சற்றே ஏறுமாறாக வைத்தால் மீதி திரும்புகிறது.

இந்த வழி நம் மாநிலத்துக்கும் வந்திருக்கிறது. அப்துல் கலாம் விமானப் பொறியியல் படித்த குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் தக்ஷா என்ற மாணவர் குழு ஆளில்லா விமானங்கள் செய்கிறது. ரிமோட் ஹெலிகாப்டர் விடுவதில் நெடுநாள் ஆர்வமுள்ள நடிகர் அஜித் குமார் 2018-இல் அந்தக் குழுவுக்கு ஆலோசகரானார். அதே ஆண்டு ஆஸ்திரேலியாவில், தொலைவில் தவிக்கும் நோயாளிக்கு ஆளில்லா விமானம் உதவுவதைக் களமாகக் கொண்ட போட்டியில் தக்ஷா இரண்டாம் இடம் பெற்றது. பிரகே சகோதரர்களின் நான்கு விசிறி நினைவிருக்கிறதா? இன்றைய ட்ரோன் அதேதான். நாலு மூலையில் நின்ற ஆட்களின் வேலையை இப்போது ஒரு சில்லு பார்க்கிறது.

கற்கும் வரிசை

பெரிய ஹெலிகாப்டர் விமானியின் இடக்கை ஒரு நெம்புகோலில், வலக்கை இன்னொன்றில், இரு கால்களும் மிதிகளில். ஒன்றை அசைத்தால் மற்றவற்றையும் திருத்த வேண்டும். கேட்டால் மலைப்பாக இருக்கும். காஞ்சிபுரம் நெசவாளருக்கு இது புதிதல்ல. குழித்தறியில் கால் மிதியை மாற்ற, ஒரு கை நாடாவை ஓட்ட, மறு கை பலகையை அடிக்க, கண் பாவின் மேல் இருக்கும். தனித்தனியாக யோசித்தால் எதுவும் நடக்காது. பழகினால் யோசிக்கவே வேண்டாம். பொம்மையில் இவ்வளவும் இரண்டு கட்டை விரலுக்குள் வந்துவிடுகிறது.

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு, வரலாறு போன வழியையே வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் கூடத்தின் எல்லா மின்விசிறிகளையும் நிறுத்துங்கள். சன்னல் திரையை இழுத்துவிடுங்கள். அகச்சிவப்பு ரிமோட் வெயிலில் குருடாகும். தரையில் சாக்பீசால் ஒரு கஜச் சதுரம் போட்டு, நடுவில் ஹெலிகாப்டரை வையுங்கள். வால் உங்களைப் பார்த்து இருக்க வேண்டும். அப்போதுதான் அதன் இடமும் வலமும் உங்கள் இடமும் வலமும் ஒன்றாக இருக்கும்.

இடது விசையை மெல்ல ஏற்றுங்கள். புதியவர்கள் பயத்தில் தரையிலிருந்து நாலு விரற்கடை உயரத்திலேயே வைத்துப் பழகப் பார்ப்பார்கள். அதுதான் மோசமான இடம். விசிறி தள்ளும் காற்று தரையில் மோதித் திரும்பி, மெத்தைபோல் தாங்கும், அதே சமயம் நெளியும். ஹெலிகாப்டர் வழுக்கிக்கொண்டு ஓடும். ஒரேயடியாக இடுப்பு உயரம் போய்விடுங்கள், அங்கே அமைதி. எழும்பியதும் தானாகச் சுற்றினால் ரிமோட்டில் உள்ள டிரிம் பொத்தானால் சுற்றை நிறுத்துங்கள்.

அடுத்த பத்து முறையும் வேறெதுவும் செய்யாதீர்கள். எழும்புங்கள், நில்லுங்கள், இறங்குங்கள். சிகோர்ஸ்கி கயிறு கட்டிக்கொண்டு செய்தது இதுதான். உயரம் குறையும்போது பதறி விசையை முழுக்க ஏற்றினால் கூரையில் முட்டும். கூரை அருகே போனால் மேலே இழுக்கப்படுவதும் உண்டு. ஏறப் பார்க்கும் முன்பே குறைக்க வேண்டும்; இறங்கப் பார்க்கும் முன்பே ஏற்ற வேண்டும். எப்போதும் ஒரு மூச்சு முன்னால் இருப்பதுதான் பழக்கம்.

நிற்கத் தெரிந்த பிறகு முன்னும் பின்னும். அதன் பிறகு பக்கவாட்டில் திருப்பி நிறுத்துவது. கடைசியாக, மூக்கு உங்களைப் பார்க்க நிறுத்துவது. இங்கேதான் பலர் கைவிடுவார்கள். எதிரே நிற்பவரின் இடக்கை நமக்கு வலப்பக்கம் அல்லவா? அதுபோல எல்லாம் மாறிவிடும். அவசரப்படாமல், நீங்களே அந்த ஹெலிகாப்டருக்குள் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டு திருப்புங்கள். சில நாட்களில் விரல் தானே மாறிக்கொள்ளும்.

விழப் போகிறது என்று தெரிந்தால் உடனே விசையை முழுக்க இறக்கிவிடுங்கள். சுற்றும் இறக்கை எதிலாவது மோதினால்தான் உடையும். நின்ற இறக்கை பெரும்பாலும் பிழைக்கும். ஓடிப்போய்க் கையால் பிடிக்கக் கூடாது.

பேட்டரி பற்றி இரண்டு வார்த்தை. பறப்பது ஆறேழு நிமிடம், சார்ஜ் ஏறுவது முக்கால் மணி நேரம். பறந்த சூட்டிலேயே சார்ஜ் போடாதீர்கள், ஆறவிடுங்கள். சார்ஜில் போட்டுவிட்டு உறங்கப் போகாதீர்கள். உப்பிய பேட்டரியை மீண்டும் பயன்படுத்தவே கூடாது. லித்தியம் பேட்டரி தீப்பிடிக்கக் கூடியது, இது விளையாட்டல்ல.

வெளியே விடலாமா?

கூடத்தில் வேண்டாம், ஏரிக்கரையில் விடட்டுமே என்கிறார்கள் சிலர். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் ஊரில், 40 கிராம் பொம்மை என்ன ஆகும்? காற்று அதைப் பெங்களூர் நெடுஞ்சாலைப் பக்கம் கொண்டுபோனால், அதன் பின்னே பிள்ளையும் ஓடும். மின்கம்பியில் சிக்கினால் எடுக்க ஏறும் பிள்ளையும் உண்டு. ஆபத்து என்று நாம் எதை நினைத்துத் தடுக்கிறோமோ, அதைவிடப் பெரிய ஆபத்துக்கு அனுப்புகிறோம்.

சட்டத்தையும் தெரிந்துகொள்வோம். 2021 ஆகஸ்ட் 25 அன்று மத்திய அரசு ட்ரோன் விதிகளை அறிவித்தது. 250 கிராம் வரை எடையுள்ளவை நானோ வகை. அவற்றை விட விமானி உரிமம் தேவையில்லை. நம் பொம்மைகள் அந்த எடையில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் வெளியே பெரிய ட்ரோன் விட நினைப்பவர்கள் அரசின் வான்வெளி வரைபடத்தைப் பார்த்துக்கொள்வது அவசியம். கடற்படைத் தளம் பக்கத்தில் இருக்கும் வட்டாரம் நம்முடையது.

கண்ணில் படும் என்ற பயத்தை நான் தள்ளிவிடவில்லை. அது நியாயமான பயம். அதற்குப் பரிகாரம் தடை அல்ல, ஒழுங்கு. பொதுக்குழு முன் நான் வைக்கும் யோசனை இது. ஞாயிறு மாலை 4 முதல் 5 வரை மட்டும். ஒரே சமயத்தில் இரண்டு ஹெலிகாப்டருக்கு மேல் கூடாது. விடுபவர் கண்ணாடி அணிய வேண்டும். பார்ப்பவர்கள் சுவரோரம் நாற்காலிக்குப் பின்னால். ஐந்து வயதுக்குக் குறைந்த குழந்தைகள் உள்ளே வேண்டாம். ஒரு பெரியவர் கட்டாயம் உடனிருக்க வேண்டும். பேட்டரியை வீட்டில்தான் சார்ஜ் செய்ய வேண்டும். விசேஷம் இருக்கும் நாளில் கூடம் விசேஷத்துக்கே. கீறலோ உடைசலோ ஏற்பட்டால் விட்டவர் வீடு பொறுப்பு.

இதில் எதுவும் சங்கத்துக்குச் செலவு வைக்காது. ஒரு மணி நேரம் மின்விசிறி நிற்பதால் மின் கட்டணம் சற்றுக் குறையவும் செய்யும்.

பொதுக்குழுவுக்கு முன் வரும் ஏதாவது ஒரு ஞாயிறு மாலை கூடத்துக்கு வாருங்கள். ஆதரிப்பவர்களும் வாருங்கள், எதிர்ப்பவர்கள் கட்டாயம் வாருங்கள். சாக்பீஸ் சதுரத்துக்கு மேலே இடுப்பு உயரத்தில் அந்தச் சிறு பொம்மை அசையாமல் நிற்பதையும், அதை நிறுத்தி வைத்திருக்கும் பிள்ளையின் முகத்தையும் ஒரு நிமிடம் பாருங்கள். பிறகு உங்கள் வாக்கை எந்தப் பக்கம் வேண்டுமானாலும் போடுங்கள்.